அஞ்சல் நம் கணினிக்கும் வரட்டும்



கிள்ளானில் பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு என்னை அழைத்தார். அவர் தயாரித்த பயிற்சித் தாள்களும் முன்னாள் மாணவர்கள் எழுதிய மடல்களும் ஓர் இலவச மின்னஞ்சல் பெட்டியில் இருந்தனவாம். நெடுநாள் திறக்காததால் அந்தக் கணக்கே நீங்கிவிட்டது. "தம்பி, மீட்க வழி உண்டா?" என்றார். என்னிடம் விடை இல்லை.

இணையப் பெட்டி நமக்கு இரவல் இடமே. ஈராண்டு பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுள் 2023-இல் அறிவித்த விதி. தமிழர்கள் பலர் மடலாடிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. மடல்களைத் தம் கணினியில் இறக்கி வைத்தவர்களுக்கு மட்டும் இழப்பில்லை.

கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த 2001-ஆம் ஆண்டில், மடலைக் கணினிக்கு இறக்கிப் படிப்பது பலருக்கும் பழகிய வழக்கம். அவ்வழக்கத்தை நாம் மீட்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு இலவச மென்பொருளான தண்டர்பேர்டு போதும். பெயரையும் முகவரியையும் தந்தால் வழங்கியின் விவரங்களைப் பெரும்பாலும் அதுவே கண்டுகொள்ளும். ஜிமெயில் எனில் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கே அனுமதி தர வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய மென்பொருள்களுக்கு 2022 மே 30 முதல் கூகுள் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே பழைய கையேடுகளை நம்பித் தடுமாற வேண்டா.

அடுத்து, 'ஐமேப்', 'பாப்' என்னும் இரு வழிகள். ஐமேப் இரு பக்கமும் ஒன்றாகவே வைத்திருக்கும். அங்கே அழிந்தால் இங்கும் அழியும். எனவே அது காப்புப்படி ஆகாது. முக்கிய மடல்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குப் படியெடுங்கள். பாப் மடல்களை இறக்கித் தரும். ஆனால் வழங்கியில் படி தங்குமாறு அமைக்காவிட்டால் அங்கிருந்து அவை நீங்கக்கூடும்.

"புலனம் இருக்க மின்னஞ்சல் எதற்கு?" என்பார் சிலர். கைப்பேசி மாறும்போது புலனச் செய்திகளை இழந்தவர்கள் நம்மிடையே குறைவா? ஒரு பெற்றோரின் விண்ணப்பமும் ஒரு மாணவனின் முதல் கட்டுரையும் தேடினால் கிடைக்க வேண்டியவை.

ஓர் எச்சரிக்கை: ஆசிரியர் அறையின் பொதுக் கணினியில் இதை அமைக்காதீர்கள். பிள்ளைகளின் விவரங்கள் பிறர் கண்ணில் படலாம்.

பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சிலருக்கு இதை அமைத்துக் கொடுத்தேன். ஒருவருக்கு அரை மணி நேரமும் ஆகவில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் நீங்களும் முயலுங்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் செய்து கொடுங்கள். அவர்தம் உழைப்பு அவரிடமே இருக்கட்டும்.