"எத்தின கோல் அடிச்சாய்?"



போன கிழமை உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் நின்றான். தரம் 9 படிக்கிறான். பின்களத்தில் விளையாடுகிறவன். "சேர், நாளையில இருந்து நான் வரல்ல" என்றான். ஏன் என்று கேட்டோம். "ஒவ்வொரு மெட்ச் முடியவும் வாப்பா கேக்காரு, எத்தின கோல் அடிச்சாய் என்டு. நான் என்னத்தச் சொல்ற?"

கடைசி மூன்று ஆட்டங்களில் எங்கள் அணிக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு கோல். அதற்குப் பெரிய காரணம் இந்தப் பிள்ளை. ஆனால் அதை அவனிடமோ அவனுடைய வாப்பாவிடமோ நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆகவே முதல் பிழை எங்களுடையதுதான். நன்றாக ஓடுகிறவனை முன்னுக்கு விடுகிறோம். மிச்சமிருக்கிறவனிடம் "நீ பின்னுக்கு நில்லு" என்கிறோம். பரிசளிப்பு வந்தால் அதிக கோல் அடித்தவருக்கு ஒரு கிண்ணம், சிறந்த கோல்காப்பாளருக்கு ஒரு கிண்ணம். இடையில் நின்று உதை வாங்கியவர்களுக்கு ஒன்றுமில்லை. ஊரும் அப்படித்தான். கரைவலை இழுக்கும்போது எல்லோருடைய கண்ணும் மீன் நிறைந்த மடியில். கயிற்றைப் பிடித்து இழுத்தவனின் கையை யார் பார்க்கிறார்கள்?

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறோம்.

இந்திய ஹொக்கி என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர் தன்ராஜ் பிள்ளை. பூனேயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முன்களத்தில் மின்னல் மாதிரி ஓடி கோல் அடித்தவர். 339 சர்வதேசப் போட்டிகள். அதே அணியில் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் 412 போட்டிகளில் விளையாடினார். அவர் பெயர் திலிப் திர்க்கி. நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

திர்க்கி ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில், சௌனாமாரா என்ற கிராமத்தில் 1977 இல் பிறந்தவர். ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஹொக்கி சுற்றுப்போட்டியில் வென்றால் பரிசு ஓர் ஆடு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து அட்லாண்டா 1996, சிட்னி 2000, ஏதென்ஸ் 2004 என்று மூன்று ஒலிம்பிக்கில் விளையாடினார். ஏதென்ஸில் அவர்தான் அணித்தலைவர். 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா 32 வருடங்களுக்குப் பிறகு ஹொக்கித் தங்கம் வென்றபோது தன்ராஜ் அணித்தலைவர், திர்க்கி பின்களத்தில்.

பின்களத்தில் நிற்பதன் வலி என்ன என்பதற்கு சிட்னி ஒலிம்பிக்கே சாட்சி. போலந்துடனான ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று முன்னிலை. வென்றால் அரையிறுதி. ஆட்டம் முடியப்போகும் கடைசி நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தியது. அரையிறுதி கையை விட்டுப் போனது. முன்களத்தில் நிற்பவர் பத்துத் தடவை தவறவிட்டு ஒன்றைப் போட்டால் வீரர். பின்களத்தில் நிற்பவர்கள் ஒரு மணித்தியாலம் தடுத்துவிட்டு ஒரு தடவை தவறவிட்டால் பழி அவர்கள் மேல். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகும் திர்க்கி 10 வருடம் தடியைக் கீழே வைக்கவில்லை. 2010 இல்தான் ஓய்வு பெற்றார். 2004 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 இல் இந்திய ஹொக்கிச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். கோல் எண்ணிக்கை தந்த வாழ்க்கையல்ல அது.

"கோலை எண்ணலாம் சேர், தடுத்ததை எப்படி எண்ணுவது?" என்று சிலர் கேட்பார்கள். எண்ணலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறார்கள். அங்கே ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் களத்தில் நிற்கும்போது தன் அணி கோல் அடித்தால், அடித்தது யாராக இருந்தாலும், அவருக்கு ஒரு புள்ளி கூடும். எதிரணி அடித்தால் ஒன்று குறையும். அணிகள் சம எண்ணிக்கையில் விளையாடாத சில நேரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. சிறந்த பின்களவீரருக்கென்றே நொரிஸ் கிண்ணம் என்று ஒன்றை 1954 முதல் கொடுத்து வருகிறார்கள்.

ரொறன்ரோவில் நம் ஊர் உறவுகள் பலர் இருக்கிறார்கள். அங்கே மேப்பிள் லீஃப்ஸ் அணியின் அரங்குக்கு வெளியே பழைய வீரர்களின் சிலைகள் நிற்கின்றன. அதில் ஒருவர் போர்ஜே சால்மிங். சுவீடனின் வடகோடியிலிருந்து வந்த பின்களவீரர். ஐந்து வயதில் தகப்பனைச் சுரங்க விபத்தில் இழந்தவர். 1973 முதல் 16 பருவங்கள் அந்த அணிக்கு விளையாடினார். அந்நியன் என்று எதிரணிகள் சீண்டின, அடித்தன. 1986 இல் சறுக்குக் காலணியின் அலகு முகத்தைக் கிழித்து 200 க்கு மேற்பட்ட தையல் போட்டார்கள். அவர் நொரிஸ் கிண்ணத்தை ஒரு தடவையும் வெல்லவில்லை. அவர் காலத்தில் அந்த அணி பெரிய கிண்ணம் எதையும் வெல்லவும் இல்லை. ஆனாலும் ஊர் அவருக்குச் சிலை வைத்தது. கோலைத் தடுக்கத் தன் உடம்பைக் குறுக்கே போட்டவரை அந்த மக்கள் மறக்கவில்லை.

நாம் சிலை வைக்க வேண்டாம். மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று, இனி நம் பகுதியில் எந்தக் கழகம் சுற்றுப்போட்டி வைத்தாலும் சிறந்த பின்களவீரருக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். செலவு பெரிதில்லை. இரண்டு, பாடசாலைப் பயிற்சியில் நாங்கள் அந்தக் கூட்டல் கழித்தல் கணக்கை எழுதத் தொடங்குகிறோம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். மூன்றாவது பெற்றோருக்கு. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தின கோல் அடிச்சாய்?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அவன் சொல்வான்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது அந்தப் பிள்ளையின் வாப்பாவைக் கண்டோம். மூன்று ஆட்டம், ஒரே ஒரு கோல் என்ற கணக்கைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அதையும் எண்ணுவாங்களா சேர்? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே" என்றார்.

சொல்லாதது நாங்கள்தான். இன்று பின்னேரம் பயிற்சி இருக்கிறது. பிள்ளை வருவான் என்று நம்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.

கழகங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால் கிண்ணம் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள். வஸ்ஸலாம்.