கால் எரிச்சலுக்கு ஆபரேஷனா? ஆட்டை விக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/ போன மாசம் காரிமங்கலம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா ஓபிக்கு வந்தாங்க. ரெண்டு பாதமும் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரியுதாம். "கணுக்கால்ல நரம்பு நசுங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்"னு வெளிய ஒரு இடத்துல சொல்லியிருக்காங்க. "செவ்வாய்க்கிழமை சந்தையில ரெண்டு ஆட்டை வித்து பணம் கட்டிடட்டுமா சார்?"னு கேட்டாங்க.

2/ அப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருக்குங்க. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஒரு குறுகலான பாதை இருக்கு. பாதத்துக்குப் போற நரம்பு அது வழியாத்தான் போகுது. அங்க நரம்பு நசுங்கினா பாதம் எரியும், மரத்துப்போகும். இதுக்கு டார்சல் டன்னல் சிண்ட்ரோம்னு 1962-ல பேர் வெச்சாங்க.

3/ ஆனா யாருக்கு ஆபரேஷன் பலன் தரும்? பெரும்பாலும் இவங்களுக்கு:
✅ ஒரு கால்ல மட்டும் தொந்தரவு
✅ நசுக்கத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியுது (நீர்க்கட்டி, புடைச்ச ரத்தக்குழாய், பழைய எலும்பு முறிவு)
✅ அந்த இடத்துல விரலால தட்டினா பாதம் வரைக்கும் சுர்ருனு கரண்ட் ஓடுது
✅ ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகல

4/ அந்தத் தட்டிப் பார்க்கிற சோதனை 1915-ல டினெல்ங்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதினது. செலவு பூஜ்யம். அதை வெச்சு மட்டும் முடிவெடுக்கக் கூடாது, ஆனா அதைக்கூடப் பண்ணாம ஆபரேஷன் தேதி குறிக்கிறது எந்த விதத்துல நியாயம்?

5/ இந்த அம்மாவுக்கு ரெண்டு காலும் சமமா எரியுது. சர்க்கரை பல வருஷமா இருக்கு. தட்டினா ஒண்ணுமே இல்ல. இது ஒரு இடத்துல நசுங்கினது இல்லைங்க, சர்க்கரையால நரம்பு முழுக்கப் பழுதானது. கணுக்கால்ல மட்டும் வழி விட்டா எப்படி சரியாகும்? சர்க்கரை நரம்பு பாதிப்புக்கு இந்த ஆபரேஷன் பலன் தரும்னு நிரூபிக்கப்படலைன்னு அமெரிக்க நரம்பியல் அகாடமி 2006-லயே சொல்லியிருக்கு. இதை ஆதரிக்கிற சர்ஜன்களே, தட்டினா சுர்ருங்கிறவங்களைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க.

6/ மேல, சர்க்கரைக் கால்ல கத்தி வெச்சா புண் ஆற நாளாகும். சீழ் பிடிக்கிற ஆபத்தும் அதிகம்.

7/ ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம் பார்க்கணும். மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா சாப்பிட்டா பி12 குறையலாம், அதுவும் எரிச்சல் தரும். அடுத்தது தொழுநோய். இதே கணுக்கால் நரம்பை அது அடிக்கடி தாக்கும். உடம்புல வெளிறின, உணர்ச்சி இல்லாத படை இருந்தா மறைக்காம காட்டுங்க. அரசு மருத்துவமனையில மருந்து இலவசம்.

8/ நான் எம்பிபிஎஸ் தான், நரம்பு சர்ஜன் இல்ல. ஆபரேஷனே தப்புன்னும் சொல்லல. சரியான ஆளுக்குப் பண்ணா நல்ல ஆபரேஷன். ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் பாதி வெற்றி இருக்கு. அதனால தைரியமா கேளுங்க: "டாக்டர், நரம்பை நசுக்கிறது எது? எனக்குப் பலன் கிடைக்கும்னு எதை வெச்சு சொல்றீங்க?" பதில் தெளிவா இல்லைன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

9/ அந்த அம்மாவுக்கு சர்க்கரை மருந்தை மாத்தி, எரிச்சலுக்கு மாத்திரையும் எம்சிஆர் செருப்பும் கொடுத்தோம். எரிச்சல் முழுசாப் போகல, பாதி குறைஞ்சிருக்கு. ராத்திரி தூங்குறாங்க. ஆடு ரெண்டும் வீட்டுலயே இருக்கு.

உங்க வீட்டுல யாராவது கால் எரியுதுன்னு சொன்னா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.