என்னைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள்

2016 மே 5 ஆம் திகதி இலண்டன் நகர முதல்வரைத் தெரிவு செய்யும் தேர்தலில் நான் புள்ளடி போட்டேன். ஏழு கிழமை கழித்து, யூன் 23 ஆம் திகதி, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று அதே பள்ளிக்கூட மண்டபத்தில் கேட்டார்கள். எனக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. பேருந்து விடுவதற்கு யாரை நியமிப்பது என்றால் நான் ஊர்க்காரி. நான் இந்த ஊரில் எந்த உரிமையோடு இருப்பது என்றால் வெளியாள். இது எந்த ஊர் ஞாயம்?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எவருக்கும் வாக்கில்லை என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அப்படிச் சொல்லவில்லையே! பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் போதும், வாக்களிக்கலாம் என்றார்கள். இந்தியக் கடவுச்சீட்டு செல்லும். இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். அயர்லாந்துக்காரருக்கும் உண்டு. மால்ட்டாவும் சைப்பிரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் பொதுநலவாயத்திலும் இருப்பதால் அவர்களுக்கும் உண்டு. எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த தம்பி கொழும்பிலிருந்து படிக்க வந்தவன், வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. அவனுக்கு அட்டை வந்தது. "அக்கா, இது என்னத்துக்கு? எதுக்குப் போடுறது?" என்று என்னிடமே கேட்டான். பதினைந்து வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் வரி கட்டிய நெதர்லாந்துக் குடிமகள் நான். அவனுக்கு விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டில் இருக்க முடியாமல் ஓடினேனோ அந்த நாட்டுக் கடவுச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் எனக்கு வாக்கு இருந்திருக்கும். அகதியாய்ப் போன இடத்தில் மொழி படித்து, சோதனை எழுதி, அந்த நாட்டுக் குடிமகளானதுதான் குற்றமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன், 2014 செப்ரெம்பரில், ஸ்கொட்லாந்து தனியாகப் போவதா என்று கேட்டபோது அங்கே குடியிருந்த ஐரோப்பியக் குடிமக்களுக்கும் வாக்கு இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. ஒரே இராச்சியத்துக்குள் இரண்டு வருடத்தில் ஞாயம் தலைகீழாகிவிட்டது. கலியாணப் பேச்சில் பெண்ணைத் தவிர ஊரிலுள்ள எல்லோரிடமும் சம்மதம் கேட்டது போல நடந்தது எங்கள் காரியம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளியேறச் சொன்னவர்கள் 17,410,742 பேர். இருக்கச் சொன்னவர்கள் 16,141,241 பேர். வித்தியாசம் பன்னிரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல். வாக்கில்லாமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் ஏறத்தாழ முப்பது இலட்சம்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து ஓடி ஐரோப்பா எங்கும் சிதறிய தமிழர் நாங்கள். நெதர்லாந்தில் அகதிகளை ஓரிடத்தில் சேரவிடவில்லை. ஊருக்குச் சில குடும்பமாகப் பிரித்து இருத்தினார்கள். நல்ல சனங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோயிலும் ஆங்கிலப் படிப்பும் வேண்டும் என்று, குடியுரிமை கிடைத்தபின் பல குடும்பங்கள் இலண்டனுக்கு வந்தன. ஈஸ்ட்ஹாம், ஹரோ, வெம்பிளி, ரூட்டிங் என்று எங்கே போனாலும் ஜேர்மனியில் இருந்து வந்தவர், பிரான்ஸில் இருந்து வந்தவர், டென்மார்க்கில் இருந்து வந்தவர் என்று யாராவது இருப்பார்கள். கள்ளமாய் வரவில்லை, விசாவுக்குக் கெஞ்சவும் இல்லை. ஒன்றியத்துக்குள் எந்த நாட்டிலும் போய் வாழலாம் என்ற சட்டத்தின்படி வந்தோம். எங்களைப் போலவே நெதர்லாந்தில் இருந்த சோமாலியர் லெஸ்ரருக்கு வந்தார்கள். போர்த்துக்கல் கடவுச்சீட்டோடு கோவாக்காரர் சுவிண்டனுக்கு வந்தார்கள். "ஐரோப்பியர்" என்று மேடைகளில் முழங்கியபோது இப்படியான முகங்கள் எவர் மனதிலும் வரவில்லை. விதியை எழுதியவர்களின் மனதிலும் வரவில்லை.

சர்வசன வாக்கெடுப்பு எனக்குப் புதிதும் அல்ல. என் வாழ்வில் நான் போட்ட முதல் இரண்டு வாக்குகளில் ஒன்று அப்படியொரு வாக்கெடுப்பில்தான். 1982 டிசெம்பர் 22. பொதுத்தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன கேட்டார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டோம். நாடு முழுக்க எண்ணியபோது விளக்கு வென்றது. ஏழு மாதத்தில் தமிழருக்கு எதிரான 83 யூலைக் கலவரம் வந்தது. அதனால்தான் 2016 யூன் 24 விடியற்காலையில் "மக்கள் தீர்ப்பு" என்று செய்தியாளர் சொன்னபோது என் வயிறு கலங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் அளவுக்கு எனக்கு விசர் இல்லை. இங்கே எங்கள் வீட்டை எவரும் கொளுத்தவில்லை. ஆனால் தொகையில் கூடியவர்கள் தொகையில் குறைந்தவர்களின் இருப்பைப் பற்றி ஒரேயொரு நாளில் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1982 இல் கேட்டுவிட்டுத் தோற்கடித்தார்கள். 2016 இல் கேட்கவே இல்லை.

இனி வாக்குறுதிக்கு வருகிறேன். வெளியேற்றப் பரப்புரைப் பேருந்தின் பக்கத்தில் எழுதிய 350 மில்லியன் பவுண் கதை எல்லோருக்கும் தெரியும். வாரம் வாரம் ஒன்றியத்துக்குப் போகும் காசாம், அதை மருத்துவ சேவைக்குக் கொடுக்கலாமாம். புள்ளிவிபரத்தைக் கண்காணிக்கும் ஆணையமே அது தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லியும் பேருந்து ஓடிக்கொண்டே இருந்தது. அது பிரித்தானியருக்குச் சொன்ன பொய். எங்களுக்கென்று தனியாகச் சொன்னது ஒன்று உண்டு. அதை ஏனோ எவரும் நினைவுபடுத்துவதில்லை. 2016 யூன் 1 ஆம் திகதி, வெளியேற்றப் பரப்புரையின் தலைவர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். மைக்கல் கோவ், பொரிஸ் ஜோன்சன், பிரிதி படேல், ஜிசேலா ஸ்ருவேட் ஆகியோர் பெயரில் வந்த அறிக்கை. ஏற்கனவே சட்டப்படி இங்கே வசிக்கும் ஐரோப்பியக் குடிமக்களுக்கு எந்த மாற்றமும் இராது, காலவரையற்ற வதிவிட உரிமை தானாகவே கிடைக்கும், இப்போது நடத்தப்படுவதைவிடக் குறைவாக நடத்தப்படமாட்டார்கள் என்று அதில் இருந்தது. தானாகவே! ஜிசேலா ஸ்ருவேட் ஜேர்மனியில் பிறந்தவர். அவர் பெயரும் இருக்கிறது என்று நான் அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதல் பட்டேன்.

வாக்கெடுப்பு முடிந்து நான்கு மாதம் ஆகவில்லை. பேச்சுவார்த்தையில் பிரித்தானியாவின் கையில் உள்ள முக்கியமான சீட்டுகளில் ஒன்று என்று எங்களைப் பற்றி அமைச்சர் லியம் பொக்ஸ் சொன்னார். முப்பது இலட்சம் மனிதர் சூதாட்டச் சீட்டு! 2018 நவம்பரில் பிரதமர் தெரேசா மே, சிட்னியில் உள்ள பொறியியலாளருக்கும் டில்லியில் உள்ள கணினிக்காரருக்கும் முன்னால் ஐரோப்பியர் வரிசையில் முந்துகிறார்கள் என்றார். டில்லியை ஏன் இழுத்தார் என்று நினைக்கிறீர்கள்? நிறத்தால் ஒன்றான எங்களைக் கடவுச்சீட்டால் மோதவிடத்தான்.

நிரந்தர வதிவிடத்துக்கு அந்த நாட்களில் நிரப்ப வேண்டிய படிவம் 85 பக்கம். பக்கங்களை விடுங்கள், அதற்குள் இருந்த கண்ணியைச் சொல்கிறேன். சம்பளத்துக்கு வேலை செய்யாமலும் வேலை செய்யும் ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தவராக இல்லாமலும் வீட்டில் பிள்ளை வளர்த்தவர், படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்தவர், படித்தவர் எல்லோரும் அந்தக் காலம் முழுவதும் முழுமையான மருத்துவக் காப்புறுதி வைத்திருந்திருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ஒருநாளும் ஒருவரும் கேட்காத ஒன்று. மருத்துவ சேவைதான் எல்லோருக்கும் திறந்திருந்ததே! இப்படித்தான் பல பெண்கள் சிக்கினார்கள். அவர்கள் சமைத்ததற்கும் துடைத்ததற்கும் சான்று இல்லை. 2017 ஓகஸ்டில் ஏறத்தாழ நூறு ஐரோப்பியக் குடிமக்களுக்கு, நாட்டை விட்டுப் போகத் தயாராகும்படி உள்துறை அமைச்சு கடிதம் அனுப்பியது. பிறகு தவறுதலாகப் போய்விட்டது என்றார்கள். அந்தக் கிழமை முழுவதும் தபால்காரர் கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் எவரும் எழும்பவில்லை.

பிறகு வதிவிட உரிமைக்குப் புதிய திட்டம் வந்தது. காப்புறுதி நிபந்தனையைக் கைவிட்டார்கள், அதை நான் மறைக்கவில்லை. வயது வந்தவருக்கு 65 பவுண் கட்டணம் என்றார்கள், கத்தலுக்குப் பிறகு 2019 ஜனவரியில் அதையும் நீக்கினார்கள். ஆனால் "தானாகவே" எங்கே போனது? விண்ணப்பிக்க வேண்டும். 2021 யூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால், ஏன் தவறினாய் என்று காரணம் காட்டி இரக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து வருடம் இருந்ததாக நிறுவ முடியாதவருக்கு தற்காலிக வதிவிட உரிமை என்று அரைகுறையாக ஒன்று. அதைப் புதுப்பிக்க மறந்தாலே உரிமை போய்விடும் என்று விதி வைத்தார்கள். அது சட்டவிரோதம் என்று 2022 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 2021 யூன் 30 காலக்கெடு முடிந்தபோது பிரதமர் யார்? பொரிஸ் ஜோன்சன். உள்துறை அமைச்சர் யார்? பிரிதி படேல். யூன் 1 அறிக்கையில் பெயர் போட்ட அதே இருவர்.

கையில் பிடிக்க ஒரு தாள் தரவில்லை. எல்லாம் இணையத்தில். மகளுக்கு அறை பார்க்கப் போன இடத்தில் வீட்டு முகவர், "அட்டை எதுவும் இல்லையா?" என்றார். கைத்தொலைபேசியில் குறியீடு எடுத்துக் கொடுத்தோம். அவருக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை. அறை வேறொருவருக்குப் போனது. மலையகத் தமிழரை 1948 இல் நாடற்றவராக்கிவிட்டு, வேண்டுமானால் விண்ணப்பியுங்கள், இவ்வளவு காலம் இங்கே இருந்ததற்குத் தாள் காட்டுங்கள் என்று இலங்கை அரசு கேட்டதை எங்கள் ஆட்கள் மேடையில் இன்றும் கண்டிக்கிறார்கள். இங்கே கேட்டபோது ஒரு மேடையும் போடவில்லை.

பிரித்தானியக் குடியுரிமை எடுங்களேன் என்று புத்தி சொல்பவர்களுக்கு: பெருங்கட்டணம், சோதனை, உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும். நெதர்லாந்துச் சட்டப்படி, சில விதிவிலக்குத் தவிர, வேறு குடியுரிமை எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும். எனக்கு விதிவிலக்குப் பொருந்தாது. ஒரு நாட்டை இழந்தவள் இரண்டாவதையும் தானே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டுமா?

இனி எங்கட ஆக்களுக்கு. கோபம் வந்தால் வரட்டும்.

கோயிலில் அன்னதான வரிசையில் ஒரு அண்ணர், "கொலண்ட்காரரும் ஜேர்மன்காரரும் வந்து வாடகையை ஏத்திப்போட்டினம், நான் வெளியேறத்தான் போட்டனான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். 2012 இலிருந்து பிரித்தானியக் குடிமகன் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட வருடம் 18,600 பவுண் உழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. கடையில் நிற்கும் எங்கள் பொடியனால் முடியவில்லை. ஐரோப்பியக் குடிமகனுக்கு அப்போது அந்த விதியே இருக்கவில்லை. அந்த எரிச்சலை நன்றாகக் கண்டுகொண்டுதான் பரப்புரைக்காரர் தெற்காசியரிடம் வந்தார்கள். ஐரோப்பியர் வருவதை நிறுத்தினால் உங்கள் ஆட்களுக்கு இடம் வரும், கறி உணவகங்களுக்குச் சமையல்காரர் வருவார்கள் என்றார்கள். நம்பினீர்கள். 2024 ஏப்ரலில் அந்த 18,600 பவுணை 29,000 ஆக்கினார்கள். முதியோர் பராமரிப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க 2022 இல் திறந்த கதவை 2025 யூலையில் மூடினார்கள். அண்ணரின் மருமகள் இன்னும் வவுனியாவில்தான் இருக்கிறாள்.

வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை முன், யூன் 16 ஆம் திகதி, வெளியேறச் சொன்ன அரசியல்வாதி நைஜல் பராஜ் ஒரு சுவரொட்டியின் முன் நின்றார். சுலோவீனிய எல்லையில் நீண்ட வரிசையில் நடக்கும் அகதிகளின் படம். உடையும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று அதில் கொட்டை எழுத்து. அதே நாளில், ஒன்றியத்தில் இருக்கச் சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸை ஒருவன் தெருவில் கொன்றான். அந்தப் படத்தில் இருந்தவர்கள் ஐரோப்பியர் அல்லர், எங்களைப் போன்றவர்கள். அதைப் பார்த்த பிறகும் இது போலந்துக்காரரைப் பற்றிய சண்டை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எப்படி அண்ணை நினைத்தீர்கள்?

2019 மே 23 ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். அதில் எங்களுக்கும் வாக்கு உண்டு என்றார்கள். கூடுதலாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பதைக் கடைசி நேரம் வரை பலருக்குச் சொல்லவில்லை. நாடெங்கும் வாக்குச் சாவடிகளில் பட்டியலில் பெயரைக் கோடிட்டு வெட்டிவிட்டு, உங்கள் நாட்டுக்குப் போய்ப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் திரும்பி வந்தேன்.

எனக்கு எவருடைய இரக்கமும் வேண்டாம். யூன் 1 அறிக்கையில் சொன்னதைச் செய்யுங்கள். ஒன்றிய விதிகள் இங்கே முடிவுக்கு வந்த 2020 இறுதியில் சட்டப்படி இங்கே வாழ்ந்த ஒவ்வொருவருக்கும், காலக்கெடுவைத் தவறவிட்ட கிழவிக்கும், எவரும் விண்ணப்பித்துக் கொடுக்காத அநாதைப் பிள்ளைக்கும், விண்ணப்பமில்லாமல் வதிவிட உரிமை கொடுங்கள். கையில் பிடிக்க ஒரு தாளும் கொடுங்கள். வாக்குள்ள தமிழர்களே, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த பொங்கல் விழாவுக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்ள வரும்போது, இதைக் கேளுங்கள்.