அரசுக்கு ஒரு நீதி, குடிமகனுக்கு ஒரு நீதியா?

நண்பர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்றேன். அவர் தவணை தவறவே, நிலுவையை நானே செலுத்தித் தீர்த்தேன். மறு ஆண்டு வீடு வாங்க ஈட்டுக்கடன் கேட்டபோது வங்கி கைவிரித்தது. காரணம், 'கிரிப்' என நாம் அழைக்கும், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை.

பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் இடுவதில்லை. கடன் வரலாற்றையே தருகிறது. தீர்ப்பளிப்பது வங்கிதான். தவணை ஏன் தவறியது என்று அது கேட்டிருக்க வேண்டாமா? 2022 ஏப்ரலில் அரசே வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. பின்னர் அதற்கு மறுசீரமைப்பும் கிடைத்தது, புதிய கடனும் கிடைத்தது. நிலுவையைத் தீர்த்த குடிமகனுக்கு மட்டும் மறுவாய்ப்பு இல்லையா?

வாசகர்களே, பிணைக்குக் கையொப்பமிடுமுன் சிந்தியுங்கள். வீட்டுக்கடன் கேட்குமுன் உங்கள் அறிக்கையை நீங்களே பெற்றுப் பாருங்கள்.