கியர் சைக்கிள்மீது ஒரு வீண் பழி

சேலம், நாமக்கல் சமவெளியில், ஆத்தூரிலிருந்து குமாரபாளையம் வரையில் எந்தச் சைக்கிள் கடை வாசலில் நின்று விசாரித்தாலும், கியர் வைத்த சைக்கிளைப் பற்றி ஜனங்கள் ஏகமனதாகச் சொல்லும் அபிப்பிராயம் ஒன்றுண்டு: இரண்டு வருஷம் நன்றாக ஓடும்; பிறகு செயின் நழுவும்; நழுவினால் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்; பல் தேய்ந்தால் செட்டோடு மாற்றியாக வேண்டும்; அந்தச் செலவுக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாமாதலால், இருப்பதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதே விவேகம். இந்த வாதத்தில் ஒரு படிகூடத் தானாக நிற்கக்கூடியதில்லை. ஆயினும் ஒவ்வொரு படியையும் மற்றொன்று தாங்கிக்கொண்டிருப்பதால் முழுவதும் சாஸ்திரம்போல் நிலைபெற்றுவிட்டது. அதற்கான தண்டத்தைக் கட்டுகிறவர்களோ, மாதத் தவணையில் பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுத்த தறிக்காரர்களும் கூலிக்காரர்களுமே.

வேறு சீமையில் இப்படியொரு நம்பிக்கை நிலவினால் நான் இவ்வளவு வருந்த மாட்டேன். நாமக்கல்லோ, தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட்டுகிற ஊர். சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியின் கியர்பாக்ஸையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் கம்ப்ரஸரையும் வேப்பமரத்தடியில் பிரித்துப் பரப்பி, எந்தப் பல் போயிற்று, எந்தப் பேரிங் போயிற்று என்று விரலால் தடவியே நிர்ணயித்து, போனதை மட்டும் மாற்றிச் சாலையில் இறக்கிவிடும் கைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. டன் கணக்கில் பாரம் இழுக்கும் யந்திரத்துக்குக் கிடைக்கிற அந்தப் பரிசோதனையில் நூறில் ஒரு பங்கு, பள்ளிக்கூடம் போகும் பையனின் சைக்கிளுக்குக் கிடைக்காமற் போவதற்கு என்ன நியாயம்?

நழுவல் என்பது ஒரே குறியாக இருந்தாலும் அதற்குக் காரணங்கள் பல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மெதுவாக மிதிக்கும்போதே செயின் பக்கத்துப் பல்சக்கரத்தில் ஏறப் பார்ப்பதுபோலக் கட கடவென்று சத்தமிட்டால், அநேகமாகக் குற்றம் பல்லில் இல்லை. கியர் ஒயரில் இருக்கிறது. அதன் உறைக்குள் தூசியும் துருவும் அடைத்து ஒயர் தாராளமாக ஓடாமல் நிற்கும். சுத்தம் செய்து, ஒயர் வந்து சேரும் இடத்திலுள்ள திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிப் பார்த்தாலே பாதி வண்டிகள் அடங்கிவிடும். பெடல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றுவதற்கு ஒருதரம் தவறாமல் துள்ளினால், செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் அசைத்துக் கொடுத்தால் சரியாகும். எல்லாக் கியரிலும் இரைச்சல் என்றால் வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்: செயினைத் தாங்கித் தொங்கும் இரண்டு சிறு சக்கரங்களும் மேலேயுள்ள பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்குகின்றனவா, உட்புறம் சாய்ந்திருக்கின்றனவா என்பது அப்போது தெரியும். பள்ளிக்கூட ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும் கியர் சைக்கிள்கள் பலவும் இந்தச் சாய்வுக்கு ஆளாகின்றன. விலை குறைந்த வண்டிகளில் அந்தச் சக்கரங்கள் தொங்குவது ஓர் இரும்புத் தகட்டில்; அதை ஸ்பேனரால் பிடித்து நிதானமாக நிமிர்த்தினால் நிமிர்ந்துவிடும்.

இவை ஒன்றும் இல்லாமல், மேம்பாலத்தில் எழுந்து நின்று பலமாக மிதிக்கும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு கியரில் மட்டும் நழுவுகிறதா? அப்போதுதான் தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமுண்டு. அங்கும் தேய்ந்தது எது, எவ்வளவு என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை, அளந்தே சொல்லிவிடலாம்.

செயினின் தகடுகள் ரப்பரைப்போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் பின், தான் சுழலும் இடத்தில் உராய்ந்து உராய்ந்து மயிரிழை மயிரிழையாகத் தேய்கிறது. மேட்டு நிலத்துச் செம்மண்ணும், சேலத்து மாக்னசைட் சுரங்கங்களைச் சுற்றிய வெள்ளைத் தூசியும் எண்ணெயோடு குழைந்து அங்கே உப்புத்தாளின் வேலையைச் செய்கின்றன. லாரிப் பட்டறையில் வடித்த கறுத்த எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றினால் செயின் நீடித்து உழைக்கும் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள்; ஆனால் அது அந்தக் குழம்பை இன்னும் கெட்டியாக்குவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்; ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பாகம் தேய்ந்தாலே செயின் மாற்றும் பருவம் வந்துவிட்டது. இவ்வளவு நுண்மையானதை எப்படி அளப்பது என்று மலைக்க வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்த செயினின்மேல் 12 அங்குல ஸ்கேலை வைத்து, ஒரு பின்னின் நடுவைப் பூஜ்யத்தில் நிறுத்தினால், இருபத்து நான்கு கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடு 12 அங்குலக் கோட்டில் சரியாக விழ வேண்டும். அது கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பாகம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், போயிருந்தால் செயினை மட்டும் மாற்ற வேண்டும்; பல்சக்கரங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எட்டில் ஒரு பாகம் போயிருந்தால், நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உட்கார்ந்து, பற்களை அரிவாள் மூக்குபோல் வளைத்துச் செதுக்கியிருக்கக்கூடும். பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் ஸ்கேல் சொல்லிவிடுகிற இந்த உண்மையைக் கேட்காமலேதான் வண்டிக்கு நாம் மரண தண்டனை விதிக்கிறோம்.

கண்ணியை வெட்டிவிட்டால் போதும் என்று சொல்லும் வேறொரு கூட்டமும் உண்டு. கியரில்லாத வண்டியில் பின்சக்கரத்தை இனிப் பின்னுக்குத் தள்ள இடமில்லாதபோது தொய்வைப் போக்க அது ஓர் உபாயம். ஆனால் கியர் வண்டியின் தொய்வை ஸ்பிரிங் வைத்த கையே இழுத்துக்கொள்வதால், வெட்டுவதில் யாதொரு பயனுமில்லை. மீதிக் கண்ணிகளின் இடைவெளி தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்க, பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் எட்டாமல் அந்தக் கையே முறிந்துபோகும் ஆபத்தும் வந்து சேருகிறது.

ராசிபுரத்துப் பக்கம் ஒரு கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையனின் ஏழு பல்சக்கர வண்டியைக் கொண்டுவந்த தகப்பனாரிடம் கடைக்காரர், "செட்டோட மாத்தோணுமுங்க. அதுக்கு ஆகிற காசுக்கு வேற வண்டியே எடுத்துக்கலாமுங்க" என்று, செயினை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்து லேத்துப் பட்டறைப் பெரியவர் ஸ்கேலோடு வந்தார். பின் பதினாறில் ஒரு பாகம் தாண்டியிருந்தது. ஆறு பல்சக்கரங்களின் பற்கள் நேராக நின்றன. எல்லாவற்றிலும் சிறியதில் மட்டும் பற்கள் வளைந்திருந்தன. "கண்ணு, எப்பவும் கடைசிக் கியர்லயே போவியா?" என்று அவர் கேட்டதற்குப் பையன் தலையாட்டினான். வேகம் வருமென்று நம் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதே சக்கரத்தைச் சுழற்ற, 14 பல் சக்கரத்தில் செயின் இழுக்க வேண்டிய விசை 28 பல் சக்கரத்தில் வேண்டியதைப்போல் இரு மடங்கு. அதைப் பங்கிட்டுத் தாங்கும் பற்களோ பாதி. அது முதலில் சாவதில் வியப்பென்ன? புதுச் செயின் ஒன்றைப் போட்டு, சிறிய பல்சக்கரத்தை விட்டுவிட்டு மற்ற ஆறிலும் ஓட்டச் சொல்லி அனுப்பினார்கள். சமவெளிக்கு அந்த ஆறு தாராளம்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். செயினும் பற்களும் சேர்ந்தே அதிகமாகத் தேய்ந்த வண்டிக்குச் செயினை மட்டும் மாற்றினால், முன்பு நழுவாததுகூட நழுவும். "சொன்னேனே" என்று கடைக்காரர் சொல்வதற்கு அதுவே சாட்சியாகிறது. அத்தகைய ஜோடியை உடனே பிரிக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று பொருந்தித் தேய்ந்தவையாதலால் நழுவத் தொடங்கும்வரை ஓட்டிவிட்டு, பிறகு செயினையும், பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் அடங்கிய ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். அப்போதும் முன் பல்சக்கரமும் கிராங்கும் கியர் தள்ளும் கருவியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃப்ரீவீலைக் கழற்றும் வரிப்பல் சாவி சாலையோரக் கடைகளில் இல்லாததே பெரிய தடை. அந்தச் சாவியை லேத்துப் பட்டறையின் வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன்மேல் வைத்து இடப்பக்கமாகத் திருப்பினால் மிதித்து இறுகிய மறை இளகிவிடும். பெடல் சுற்றினாலும் வண்டி நகராத ஃப்ரீவீலுக்கோ அதுகூட வேண்டாம். உள்ளே கெட்டித்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கரைத்து மெல்லிய எண்ணெய் விட்டால் பல சமயம் உயிர்பெறும்.

இந்த மூடநம்பிக்கைக்குக் கடைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது அநீதி. 2005-2006 கல்வியாண்டு முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11-ஆம் வகுப்பு மாணவர் யாவர்க்கும் வழங்கப்பட்டுவரும் இலவசச் சைக்கிளில் கியர் இல்லை. அவர் கை பழகியது அந்த வண்டியிலும் அதற்கு முந்திய அதே ஜாதி வண்டிகளிலும்தான். கியரைச் சந்தேகிப்பதும் நம் ஊரோடு நிற்பதன்று. பிரான்சைச் சுற்றிவரும் பெரிய பந்தயத்தை 1903-இல் தொடங்கியவர்கள், செயினைத் தள்ளி மாற்றும் கியரை 1937 வரை போட்டியாளருக்குப் பொதுவாக அனுமதிக்கவில்லை. ஆனால் முதன்மையான காரணம் நம்மிடமே இருக்கிறது. ஸ்பேர் பார்ட்டின் விலையைப் பேசாமல் கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் குனிந்து குறை கண்டுபிடித்தவரின் கூலியைக் கேட்டதும், "ஒயரைத் திருகினதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். அறிவுக்குக் காசு தராத வாடிக்கையாளருக்குப் பொருளை விற்றுத்தான் கடைக்காரர் பிழைக்க முடியும். செட் மாற்றும் யோசனை அங்கே பிறக்கிறது.

ஆகவே இவ்வட்டாரத்துப் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அளந்து காட்டாத கடையில் செட் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தப் பல் தேய்ந்தது, காட்டுங்கள் என்று மரியாதையோடு கேளுங்கள், அளந்து பார்த்து, ஒரு பாகத்தையும் விற்காமல், திருகைத் திருப்பியே சரிசெய்து கொடுத்தவருக்குக் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.