நின்றுபோன இலவச வண்டி

இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. நம் மும்பை மாநகரில், அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் நடைபெறும் மருத்துவமனை ஒன்றுக்கு நகரின் நடுவே ஒரு கட்டடமும், புறநகரில் மற்றொரு கட்டடமும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நோயாளிகளையும் அவர்களுக்குத் துணை வருவோரையும் கட்டணமின்றி ஏற்றிச் சென்றுவந்த பஸ் ஒன்று முதல் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. வாயிற்கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள் இதனை அறிவித்தது. அத்தாளும் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆண்டுக்கணக்கில் அவ்வண்டியை இலவசமாக ஓட்டியவர்களும் அவர்களே. ஆதலின் பெயரை விடுத்துப் பொருளை மட்டும் ஆராய்வோம்.

மருத்துவமனை ஏன் இரண்டாகிறது என்பதை முதற்கண் தெரிந்துகொள்வது நலம். பழைய நகரங்களின் நடுவே நிலம் கிடைப்பதில்லை. பரேலில் 1941-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து குவிந்தனர். அதன் பணிகள் விரிவடைய நவி மும்பையின் கார்கரில் இடம் தேடவேண்டியதாயிற்று. 2002-ஆம் ஆண்டு முதல் அங்கே ஆக்ட்ரெக் என்னும் மையம் இயங்கிவருகின்றது. தில்லியில் 1956-இல் நிறுவப்பெற்ற எய்ம்ஸ் மருத்துவமனையும் தன் தேசியப் புற்றுநோய் நிலையத்தை அரியானா மாநிலத்து ஜஜ்ஜர் மாவட்டத்தில் அமைத்தது. 2019-இல் அந்நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாம் குறிப்பிடும் வண்டி இவ்விரு நிறுவனங்களைச் சேர்ந்ததன்று. பெரிய மருத்துவமனைகள் வளர்கின்றபோது நகரை விட்டு வெளியே செல்வது எங்கும் உள்ள வழக்கம் என்பதைக் காட்டவே இவற்றைச் சொன்னோம்.

இவ்வாறு விரிவடைதல் நன்றே. புதிய இடத்தில் புதிய கருவிகள் வருகின்றன, கட்டில்கள் பெருகுகின்றன. ஆயினும், நோயாளியை நன்கறிந்த மருத்துவர் ஓரிடத்திலும் அவர் எழுதித்தந்த சோதனையைச் செய்யும் கருவி மற்றோரிடத்திலும் அமைந்துவிடுகின்றன. அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும், ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையையும் கையிலேந்தி அங்கும் இங்கும் அலைபவர் நோயாளியே. அல்லது அவருடைய மகனோ மனைவியோ ஆவர். இரு கட்டடங்களையும் ஒரு மருத்துவமனையாக இணைத்து வைத்திருந்தது அந்தப் பஸ்தான்.

சில சிகிச்சைகளின் தன்மையை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியம் விளங்கும். புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் 5 நாள் வீதம் நடைபெறுவது. 3 வாரத்தில் முடிவனவும் உண்டு. 5, 6 வாரங்கள் நீடிப்பனவும் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸ் வாரத்திற்கு 2 அல்லது 3 முறை; ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். இவற்றை இடையிலே விட்டுவிட்டுப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தல் இயலாது. கதிர்ச் சிகிச்சை இடையிடையே தடைப்பட்டால் அதன் பயன் குறையும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஒரு வேளை மாத்திரையை மறந்தால் வீட்டார் கண்டிப்பர். ஒரு நாள் வண்டி கிடைக்காமற் போவதும் ஒரு வேளை மருந்து தவறுவதும் ஒன்றே என்பதை யார் கண்டிப்பது?

இன்னொன்றும் உண்டு. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டவர்களுக்குச் சில நாட்களில் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்து, நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குன்றிவிடும். கூட்டத்திற் செல்லாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்புவார். காலை ஒன்பது மணிக்கு நம் லோக்கல் ரயிலில் கூட்டத்திற் செல்லாமல் செல்வது எவ்வாறு? புற்றுநோயாளிகள் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பெட்டியில் ஏறலாம் என்ற விதி இருப்பது உண்மையே. நம்மவருட் பலர் இதனை அறியார். அறியாதார் இப்போது அறிந்துகொள்க. ஆனால் அப்பெட்டியை அடையும் முன் படிக்கட்டு உண்டு, மேம்பாலம் உண்டு, குர்லா போன்ற சந்திப்பில் தடம் மாறவேண்டிய நெருக்கடியும் உண்டு.

நம் குடும்பங்களுக்கென்றே உரிய இடர் ஒன்றையும் இங்கே கூறவேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து தங்கியுள்ள முதிய தாய்தந்தையர் பலர் இருக்கின்றனர். அவர்கட்கு இந்தியும் மராத்தியும் தெரியா. பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் தேவநாகரி எண்களே கண்ணில் படுகின்றன. மகன் வேலைக்குச் சென்றுவிட்டான். மருமகளும் வேலைக்குச் செல்பவள். இத்தகைய வீட்டுத் தாயார் ஒருவர், ஒரு வாயிலில் ஏறி மறு வாயிலில் இறங்கும் வண்டி ஒன்று இருந்தால் தாமே சென்றுவர முடியும். அவ்வண்டியில் ஏறுவதற்கு மொழி வேண்டா; வழி கேட்க வேண்டா; சில்லறை எண்ண வேண்டா. அது நின்றபின் அவருடன் ஒருவர் விடுப்பெடுத்துக்கொண்டு செல்லவேண்டும். விடுப்பில்லாத வேலையாயின் அன்றைய கூலி போயிற்று.

செலவையும் சற்றுக் கணக்கிடுவோம். பஸ், ரயில், பங்கு ஆட்டோ ஆகிய எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு ஒரு வழிக்கு 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நோயாளியும் துணையாளும் சென்று திரும்ப நாளொன்றுக்கு 160 ரூபாய். 25 நாள் சிகிச்சைக்கு 4,000 ரூபாய். உடல் தளர்ந்து டாக்சி வைக்கவேண்டிய நாட்கள் இக்கணக்கில் வாரா. 2019-இல் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைக்கப்பட்ட பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணமும் 2025 மே திங்களில் 10 ரூபாயாக உயர்ந்தது. இலவச வண்டி நிற்பதும் கட்டண வண்டியின் விலை ஏறுவதும் அடுத்தடுத்து நேர்ந்தால் அச்சுமை விழுவது ஒரே குடும்பத்தின் தோளில்தான்.

மருத்துவமனையார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. டீசல் விலை, ஓட்டுநர் சம்பளம், காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவை ஆண்டுதோறும் ஏறுகின்றன. பிற்பகலில் பாதி இருக்கைகள் காலியாகச் சென்றன என்கின்றனர். நோயாளிகள் அல்லாதாரும் ஏறிச் சென்றனர் என்பதும் அவர்கள் குறை. இவற்றை நாம் பொய்யென்று தள்ளவில்லை. ஆனால் அவர்கள் எண்ணியவை இருக்கைகள். வண்டி நின்ற பின்னர்க் குறித்த நாளில் வாராத நோயாளிகள் எத்துணையர், சிகிச்சையை நடுவிலே விட்டவர் எத்துணையர் என்று எண்ணினார்களா? அக்கணக்கை எடுக்காமல், செலவு மிச்சமாயிற்று என்று சொல்லுதல் தகாது. செலவு எங்கும் ஒழிந்துபோகவில்லை. நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து நோயாளியின் முந்தானை முடிச்சுக்கு மாறியிருக்கின்றது.

சட்டம் இதிற் குறுக்கிடுமா என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். மராட்டிய மாநிலத்தில், பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான மருத்துவமனைகளுக்கு மும்பை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை வகுத்தளித்தது. அதன்படி அவை தம் கட்டில்களில் நூற்றுக்கு 10 பங்கை வறியவர்களுக்கு இலவசமாகவும், மேலும் 10 பங்கை நலிந்த பிரிவினர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். வறிய நோயாளிகள் நிதி என்று ஒரு தனி நிதியையும் வைத்திருத்தல் வேண்டும். இது நம்மவர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய உரிமை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துச் சென்று, அங்குள்ள சமூகப் பணியாளரைக் கண்டு கேட்கத் தயங்கலாகாது. ஆனால் அத்திட்டம் கட்டிலை எண்ணியதேயன்றி, கட்டிலுக்குச் செல்லும் வழியை எண்ணவில்லை. இலவசக் கட்டில் கிடைத்தும் அங்கே சென்றடைய வண்டிச் சத்தம் இல்லாதவனுக்கு அக்கட்டிலால் என்ன பயன்?

நின்றுபோன சலுகைகளின் வரலாறும் நமக்கு ஓர் எச்சரிக்கை தருகின்றது. முதியோர்க்கு ரயில் கட்டணத்தில் இருந்த சலுகை, ஆடவர்க்கு நூற்றுக்கு 40, பெண்டிர்க்கு நூற்றுக்கு 50 என்ற அளவினது, பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. முதியோர் பயணத்தைக் குறைத்து அவர்களைக் காப்பதற்கு என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். தொற்று ஓய்ந்தது, ரயில்கள் பழையபடி ஓடின, சலுகை மட்டும் உடன் திரும்பவில்லை. பிறகு சொல்லப்பட்ட காரணம் வருவாய் இழப்பு. ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்றுவரும் நம் பெற்றோர்கள் இதன் சுமையை நன்கறிவர். எனினும் நோயாளிகளுக்கான சலுகை அன்றும் விலக்கப்படவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோர்க்கு இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் முழுக் கட்டணச் சலுகை இருந்துவந்ததை நினைவுகூர்க. அத்துணைப் பெரிய ரயில்வேயும் மற்றச் சலுகைகளைக் குறைத்தபோது நோயாளிக்கு உரியதை வேறாகப் பிரித்து வைத்தது. மருத்துவமனையொன்று அவ்வாறு பிரித்துப் பார்த்தல் இயலாததோ?

இயலும் என்பதே நம் துணிபு. முதலாவது, வண்டியை முற்றிலும் நிறுத்துவதற்கு முன் சுருக்கலாம். காலையில் புறநோயாளிகள் வரும் வேளையிலும் மாலையில் அவர்கள் திரும்பும் வேளையிலும் இரண்டு நடை போதும். காலியாக ஓடும் நண்பகல் நடைகளை விட்டுவிடலாம். இரண்டாவது, மருத்துவமனை அட்டை உடைய நோயாளிக்கும் ஒரு துணையாளுக்கும் மட்டும் இலவசம் என்று வரையறுத்து, ஏனையோரிடம் கட்டணம் பெறலாம். மூன்றாவது, ஒரு நோயாளிக்குரிய சோதனைகளையும் மருத்துவர் சந்திப்பையும் கூடியவரை ஒரே நாளில், ஒரே இடத்தில் அமைத்துக்கொடுத்தால் பயணமே குறையும். நான்காவது, எதை நிறுத்துவதாயினும் குறைந்தது ஒரு திங்கள் முன்னர், மக்களுக்குத் தெரிந்த மொழிகளில் அறிவிக்கவேண்டும். அப்போது நடுவழியிற் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, அவர்தம் சிகிச்சை முடியுமட்டுமேனும் வண்டி தொடரவேண்டும். பாதி ஆற்றில் இருப்பவனை இறக்கிவிட்டு ஓடக்கூலி போதவில்லை என்று சொல்லுதல் அறமாகாது.

நம் கடமையும் ஒன்றுண்டு. குறை கூறிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பதாற் பயனில்லை. இவ்வண்டியைப் பயன்படுத்திவந்த குடும்பங்கள், நோயாளி செல்லவேண்டிய நாட்களையும், சிகிச்சை முடியும் தேதியையும், வண்டி நின்றதால் தவறிய நாட்கள் இருப்பின் அவற்றையும் எழுதி நம் சங்க அலுவலகத்தில் தருக. நோயின் விவரம் எழுதவேண்டுவதில்லை, பெயரும் வெளியிடப்பெறாது. அக்கணக்கைத் திரட்டி அறங்காவலர்களிடம் நேரிற் கொண்டுசெல்லலாம். வெறும் வேண்டுகோளைக் காட்டிலும் தேதியிட்ட கணக்குக்கு வலிமை மிகுதி. அவ்வண்டியில் நம்மவர் மட்டுமே செல்லவில்லை. பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து, உறவினர் ஒருவரும் இன்றி நடைபாதையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் சென்றனர். நமக்கேனும் சங்கம் இருக்கிறது, எழுத ஓர் இதழ் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது அவர்களுக்கும் சேர்த்தே இருத்தல் வேண்டும்.

இதற்கிடையில், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் அன்பர்கள் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க முன்வந்தால், துணையில்லாத முதியவர் ஒருவரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடலாம். இதற்குக் கார் வேண்டும் என்பதில்லை. எந்த மேடையில் எந்த ரயில் வரும் என்று தெரிந்திருந்தாற் போதும். இரண்டு வாக்கியம் இந்தியிற் பேசத் தெரிந்திருந்தாற் போதும். விருப்பமுடையோர் தம் பெயரையும் ஓய்வான நாளையும் சங்க அலுவலகத்திற் குறித்துச் செல்க. வண்டியை மீண்டும் ஓட்டச் செய்வதற்கு நாளாகலாம். நாளைக் காலை சிகிச்சைக்குச் செல்லவேண்டியவர் அதுவரை காத்திருக்க இயலாது.