சிப்பாய் தட்டில் மட்டும் சிக்கனமா?

நாட்டில் பணம் இல்லை, பாதுகாப்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்று அமைச்சர்கள் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் தட்டிலிருந்து எடுக்கிறார்கள்?

1968 முதல், 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு நம் ராணுவம் காட்டில் போரிட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே துப்பாக்கி தூக்கினார்கள். கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டபோது காவல் நின்ற ஒருவர், எழுபது வயதைத் தாண்டியும் இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இரவு ஜாகா. 13 ஆண்டு சேவை செய்தவர். 21 ஆண்டு முடிக்காத சிப்பாய்க்கு ஓய்வூதியம் இல்லை என்பது விதி. கண்ணிவெடிக்கு நடுவே நடந்த ஆண்டுகளை அந்த விதி தனியாக எண்ணுவதில்லை.

ராணுவ பட்ஜெட் வெட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். "வெட்டட்டும் சார், வேணாம்னு சொல்லல. கத்திய எங்க வைக்கிறாங்கன்னு பாருங்க. காட்டுல இருக்கிறவன் ரேஷன்லயா, கே.எல்.ல கையெழுத்துப் போடுற மேசையிலயா?"

பார்ப்போம். 2007 ஜூலையில் கெந்திங் செம்பா அருகே நூரி ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். 1960களில் வாங்கத் தொடங்கிய ரகம் அது. மாற்று ஹெலிகாப்டர் வாங்குவதை 2008இல் பொருளாதார நெருக்கடி என்று தள்ளிவைத்தார்கள். பறக்கிறவன் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்!

ஆனால் போர்க்கப்பல் குத்தகை? நேரடிப் பேச்சில் கொடுத்த 900 கோடி ரிங்கிட் குத்தகை, ஆறு கப்பல்கள். 600 கோடிக்கு மேல் கட்டியாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வரவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது. பிறகு என்ன நடந்தது? கப்பல் ஐந்தாகக் குறைந்தது, விலை 1,100 கோடியைத் தாண்டியது. இங்கே சிக்கனம் பேச ஆளில்லை. அந்தக் கட்டும் தளம் அப்போது போஸ்டெட் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அந்தக் குழுமத்தின் பெரிய பங்குதாரர் யார் தெரியுமா? சிப்பாய்களின் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ராணுவச் சேமிப்பு நிதியான எல்டிஏடி!

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 147ஆம் பிரிவு, அரசுச் சேவையாளரின் ஓய்வூதியத்தைப் பின்னால் வரும் சட்டத்தால் பாதகமாக மாற்றவிடாது. அரசுச் சேவைகளை வரிசைப்படுத்தும் 132ஆம் பிரிவில் முதலில் வருவதே ஆயுதப் படைகள். இந்த 147ஐ வைத்துத்தான் ஓய்வுபெற்ற சிவில் ஊழியர்கள் வழக்காடி, 2013 ஓய்வூதியத் திருத்தம் செல்லாது என்று 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். ஓய்வூதியமே இல்லாதவருக்கு அந்தப் பிரிவால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம்: போர்க்கள ஆண்டுகளை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். கப்பல் இல்லாத கப்பலுக்குக் கொடுத்ததில் ஒரு துளி போதும்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய சேவைப் புத்தகம் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். 2012ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டத்தின்கீழ் அவர் பதிவாகியிருக்கிறாரா என்று முன்னாள் படைவீரர் விவகார இலாகாவில் விசாரியுங்கள். பிறகு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். கிள்ளானில் நாலு குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் நாலு குடும்பம் சேர்ந்தே போங்கள்.